பிற்பகல் தாள்

தையல்காரரின் மகளுக்கு வயது முப்பத்தைந்தை நெருங்குகிறது. எங்கள் தெருவில் அவளுக்கு ‘ஆபீசரம்மா’ என்று பெயர். மரியாதைக்கு வைத்த பெயரில்லை, கிண்டல். பதினொரு வருடமாக அரசுப் பணித் தேர்வு எழுதுகிறாள். இரண்டு முறை நேர்முகம் வரை போய்த் திரும்பி வந்தாள். வயது வரம்புப்படி இந்த வருடத்தோடு வாய்ப்பு முடிகிறது.

நான்கு வருடத்துக்கு முன் அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. அம்மா அதற்கும் முன்பே இறந்துவிட்டாள். அண்ணன் ஒருவன் இருக்கிறான். கடைத்தெருவில் செல்போன் பழுது பார்க்கிறான், மனைவியோடு தனியாக இருக்கிறான். “நீ வீட்லதானே இருக்க” என்று தங்கையிடம் ஒரே ஒரு முறை சொன்னான். அத்தோடு பாகப்பிரிவினை முடிந்தது.

நான் எதிர்வீடு. நோயாளிகளைப் பராமரிக்கப் பயிற்சி பெற்றவள். ஆளைத் தூக்காமல் விரிப்பை இழுத்தே புரட்டுவது எப்படி, எந்த எலும்பு படுக்கையில் அழுந்தினால் முதலில் புண் வரும் என்பதையெல்லாம் அவளுக்கு நான்தான் காட்டிக் கொடுத்தேன். நான்கு வருடத்தில் அந்த மனிதர் உடம்பில் ஒரு புண் கிடையாது. ஆஸ்பத்திரிகளிலேயே நான் பார்க்காத சுத்தம் அது.

துணி வெட்டும் பெரிய மேசைதான் அவள் படிக்கும் இடம். நலத்திட்டங்களுக்கென்று மட்டும் மூன்று நோட்டு வைத்திருந்தாள். எந்த வருடம் தொடங்கியது, எந்தத் துறை, யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அப்பாவைப் புரட்டும்போது ஒவ்வொரு திட்டமாக ஒப்பிப்பாள். வருடத்தை மாற்றிச் சொன்னால் அவர் இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டுவார். அத்தனை திட்டங்களிலும் அந்த வீட்டுக்குக் கிடைத்த பலன் அவருடைய அந்தப் பொழுதுபோக்குதான்.

அதில் ஒன்று மாற்றுப் பராமரிப்பாளர் திட்டம். படுத்த படுக்கையானவரைப் பார்த்துக்கொள்ளும் உறவினருக்கு வருடத்தில் பதினான்கு நாள் ஓய்வு. அந்த நாட்களில் பயிற்சி பெற்ற ஆளை அரசே வீட்டுக்கு அனுப்பும்.

“பெரியம்மா, இதுல பயிற்சி முடிச்ச நாலாயிரம் பேர்ல நீங்களும் ஒருத்தரா?” என்று கேட்டாள்.

“ஆமா. முடிச்சு ஆறு வருஷம் ஆச்சு. இன்னும் ஒரு வீட்டுக்கும் அனுப்பல.”

“புத்தகத்துல ‘சாதனைகள்’னு தலைப்புப் போட்டு உங்களை வச்சிருக்காங்க.”

சிரித்தோம். வேறு என்ன செய்ய?

தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஒரு தாள், பிற்பகலில் ஒரு தாள். பிற்பகல் தாள் முழுக்க நலத்திட்டங்கள். தேர்வு மையம் இருபது நிமிடத் தூரம்தான், ஆனால் காலை எட்டுக்குப் போனால் திரும்ப மாலை ஆறாகும். அந்த ஒரு நாளைக்கு ஆள் கேட்டு அவள் திட்டத்துக்கு மனுப் போட்டாள். என்னால் இருக்க முடியாது. இடுப்பெலும்பு உடைந்த ஒரு கிழவியிடம் பகல் வேலையில் இருந்தேன். நான் லீவு போட்டால் அவள் மலத்தில் கிடப்பாள்.

மனுவில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘தேர்வுக்குப் படிக்கிறேன்’ என்று எழுதியிருந்தாள். “‘இல்லை’ன்னு எழுதிட்டுப் போடி” என்றேன். கேட்கவில்லை. “நாளைக்கு இந்த மனுவை வாங்கற நாற்காலியில உக்காரப் போறவ நான். நானே பொய் எழுதலாமா?” என்றாள். முட்டாள் என்று திட்டினேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

மூன்று வாரம் பதில் இல்லை. ஒருநாள் என் வேலை முடிந்ததும் இருவரும் அலுவலகத்துக்குப் போனோம். குமாஸ்தா மனுவைத் தேடி எடுத்தார். மேலே சிவப்பு மையில் ‘நிராகரிக்கப்பட்டது’.

“முழுநேரமாப் பாத்துக்கிறவங்களுக்குத்தான்மா இது. நீதான் படிக்கிறேன்னு எழுதியிருக்கியே.”

“அஞ்சாம் பிரிவைப் பாருங்க சார். வருமானம் வர்ற வேலை இருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. படிக்கக் கூடாதுன்னு இல்ல.”

“பிரிவெல்லாம் உன் பரீட்சைக்கு. இங்க சர்க்குலர்தான்.”

“அந்த சர்க்குலரைக் காட்டுங்க.”

“அது தலைமை அலுவலகத்துல இருக்கு.” மனுவை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இவ்வளவு தெரிஞ்சவ இன்னும் ஏம்மா பரீட்சை எழுதிட்டே இருக்க?”

அவர் தலைக்கு மேலே சுவரில் பயிற்சி பெற்றோர் பட்டியல் தொங்கியது. பதினேழாவது பெயர் என்னுடையது. விரல் வைத்துக் காட்டினேன். “இங்கதானே நிக்கிறேன். பட்டியல்ல எனக்கு அடுத்த ஆளையாவது அனுப்பு.”

“அலாட்மென்ட் வரணும் பாட்டி.”

“பாட்டியாயிட்டேன், அது மட்டும் வந்துடுச்சு” என்றேன். அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

கடைசியில் அண்ணனிடம்தான் போக வேண்டியிருந்தது. “ஒரு நாள்தானே, பாத்துக்கிறேன்” என்றான். சனிக்கிழமை அவனை உட்கார வைத்து எல்லாம் காட்டினாள். போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான்.

ஞாயிறு மதியம், காலைத் தாள் முடிந்து அவள் மையத்தின் வாசலில் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பைக்கில் வந்து நின்றான் அண்ணன்.

“வா, கிளம்பு. அப்பா படுக்கையிலயே வெளிக்குப் போயிட்டாரு. என்னால முடியாது, குமட்டுது.”

“அவரை யாரு பாத்துக்கிறா இப்ப?”

“பூட்டிட்டு வந்திருக்கேன்.”

“பூட்டிட்டா?”

“சத்தம் போடாத. நீ வந்து மாத்திட்டுத் திரும்பி வந்துடு.”

“இன்னும் கால் மணி நேரத்துல கேட்டை மூடிடுவாங்க.”

“நான் ஆம்பள. இதெல்லாம் நான் எப்படிச் செய்வேன்?”

“அவரும் ஆம்பளதான்.”

“பரீட்சை பெருசா, அப்பா பெருசா?”

“நாலு வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் உனக்கு அந்தக் கேள்வி வருதா?”

காலைத் தாளின் கேள்வித்தாள் அவள் கையில் இருந்தது. அதன் பின்பக்கத்தை மதில்மேல் வைத்து எட்டு வரி எழுதினாள். கையுறை எங்கே, பழைய விரிப்பை எப்படிச் சுருட்டுவது, எந்தப் பக்கம் புரட்டுவது, முன்னிருந்து பின்னாகத் துடைப்பது. “படிக்கத் தெரியும்ல? போ. அவர் தனியா இருக்காரு” என்று கொடுத்துவிட்டு உள்ளே போனாள். கேட் மூடும்போது அவன் பைக்கில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தானாம்.

அன்று எனக்கு நான்கரைக்கு வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்தவள் எதிர்வீட்டை எட்டிப் பார்த்தேன். அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். உள்ளிருந்து நாற்றம் தெருவுக்கு வந்தது. துணி வெட்டும் மேசையில் அந்த எட்டு வரி கிடந்தது. பெரியவர் காலையில் கிடத்தியபடியே மல்லாந்து கிடந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எவ்வளவு நேரமா?”

“தங்கச்சி வரட்டும்னு…”

“எழுந்து கையைக் கழுவு.”

“பெரியம்மா, நீங்க செஞ்சிடுங்களேன். உங்களுக்குப் பழக்கம்.”

“எனக்கு அரசாங்கம் அலாட்மென்ட் தரல. உனக்கு அவர் பிறப்பே தந்திருக்காரு. கழுவு.”

இரண்டு நிமிடத்தில் என்னால் முடிக்கக்கூடிய வேலை. நான் தொடவில்லை. பக்கத்தில் நின்று வரி வரியாகப் படித்தேன், அவன் செய்தான். இரண்டு முறை வெளியே ஓடினான். இரண்டு முறையும் கூப்பிட்டு நிறுத்தினேன். முதுகின் கீழ் எலும்பருகே தோல் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. விரலால் அழுத்திப் பார்த்தேன். வெளுக்கவில்லை.

“இதைப் பாரு. புண்ணோட முதல் படி இது. நாலு வருஷம் அவ வரவிடாததை நீ ஒரு மத்தியானத்துல கொண்டுவந்துட்ட.”

அந்த இடம் அழுந்தாமல் பெரியவரைப் புரட்டி, தலையணை வைக்கச் சொன்னேன்.

ஆறு மணிக்கு அவள் வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே போய் அப்பாவின் முதுகைத்தான் பார்த்தாள். சிவப்பைக் கண்டு உதட்டைக் கடித்தாள்.

“ரெண்டு மூணு நாள்ல ஆறிடும்” என்றேன். “தாளை முடிச்சியா?”

“ஒண்ணு விடல பெரியம்மா. மாற்றுப் பராமரிப்பாளர் திட்டமும் வந்துச்சு. யாருக்குக் கிடைக்கும்னு கேட்டிருந்தான். புத்தகத்துல இருக்கிறதையே குறிச்சேன். மார்க் வேணுமே.”

மதியம் அவள் அண்ணனோடு வீட்டுக்குப் போயிருந்தால் அந்தச் சிவப்பு வந்திருக்காது. போகாதது சரி. இதில் எனக்கு இரண்டாம் யோசனை இல்லை. கேட்கிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்கிறேன். அவள் அண்ணி தெருவில் வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறாள், திரியட்டும்.

அண்ணன் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றான். “இனிமே இந்த மாதிரி வேலைக்கு என்னைக் கூப்பிடாத.”

அவள் அழுக்கு விரிப்பை வாளியில் அமுக்கிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே சொன்னாள்:

“அடுத்த கட்டப் பரீட்சை அஞ்சு நாள். தேதி வந்ததும் சொல்றேன், கடையை மூடி வை.”