ஷியுலான் என்கிற சுரான்

இன்சியோன் துறைமுகத்துக்கு மேலே ஏறும் சீனர் தெருவில் பிறந்தவள் ஷியுலான். பெற்றோர் சீனத்து ஷாண்டோங்கிலிருந்து கப்பலேறி வந்து நூடுல்ஸ் கடை வைத்தவர்கள். தெருவின் கொரியப் பிள்ளைகள் அவள் பெயரைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி சுரான் என்று கூப்பிட்டார்கள். இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பாள்.

வீட்டுக்குள் ஷாண்டோங் பேச்சுதான் பேச வேண்டும். "அந்தக் கொரியப் பேச்சைச் செருப்போட வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாடி" என்பாள் அம்மா.

நவம்பரில் தெருவே குளிர்காலத்துக்கான கிம்ச்சி போடும், மிளகாய் விழுது தடவிய முட்டைக்கோஸ் ஊறுகாய். ஒரு வருஷம் பக்கத்து வீட்டுக் கொரியக்காரி ஓக்புன் முற்றத்தில் சுரானும் உட்கார்ந்து, முழங்கைவரை மிளகாய் விழுதை அப்பிக்கொண்டாள். தேடி வந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"எழுந்திருடி. நம்ம வீட்ல சோறு இல்லையா?"

ஓக்புன் விழுது தடவிய முட்டைக்கோஸ் இலையைச் சுருட்டி அம்மாவின் வாயில் திணித்தாள். "பொண்ணை அப்புறமா திட்டு தங்கச்சி. முதல்ல மென்னு பாரு."

அம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. துப்ப முடியாமல் விழுங்கினாள். "உப்பு பத்தலை" என்றாள் அரைகுறைக் கொரியத்தில். முற்றமே சிரித்தது. வீட்டுக்குப் போனதும் மகள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வளர்ந்ததும் கல்லூரிக்காகத் தைவானின் தைப்பே நகருக்குப் போனாள். சீனர் தெருக்காரர்களுக்கெல்லாம் தைவான் கடவுச்சீட்டு; அதன்படி தைவான்தான் அவள் நாடு. அதுவரை கண்ணால் பார்த்ததில்லை. விடுதிப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்டதும் 'கொரியாக்காரி' என்று பெயர் வைத்தார்கள். கதவிடுக்கில் விரல் நசுங்கிய அன்று வாயில் வந்ததும் கொரிய வசவுதான்.

குளிர்காலம் வந்தது, பனி வரவில்லை. ஏக்கம் தாங்காமல் முட்டைக்கோஸ் வாங்கிவந்துவிட்டு, இன்சியோன் கடைக்குப் போன் போட்டாள்.

"அம்மா, கிம்ச்சிக்கு உப்பு எவ்வளவு போடணும்?"

திட்டு விழும் என்று பயந்திருந்தாள். அம்மாவோ கடகடவென்று சொல்லிக்கொண்டே போனாள். "ராத்திரி முழுக்க உப்புல ஊறணும். தண்டுப் பக்கம் தாராளமா தூவு. காலைல நல்லா அலசிப் பிழிஞ்சிடு. பூண்டுல கஞ்சத்தனம் பண்ணாத."

அத்தனையும் கொரிய மொழியில். அந்த வேலைக்கான சொற்கள் அம்மாவிடம் ஷாண்டோங் பேச்சில் இல்லை.

"உனக்கு எப்படிம்மா தெரியும்?"

"நீ போனதுலேர்ந்து ஓக்புன் வீட்ல நான்தான் உப்பு போடறேன். போனை வை, அடுப்புல சூப் பொங்குது."

தைப்பேயின் வெதுவெதுப்பில் கிம்ச்சி சீக்கிரமே புளித்துப்போனது. விடுதிப் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே தின்று தீர்த்தார்கள்.

படிப்பு முடிந்ததும் இன்சியோனுக்கே திரும்பி வந்து கடையை எடுத்துக்கொண்டாள். அம்மாவும் ஓக்புனும் இன்று இல்லை. முற்றம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. பேரப்பிள்ளைகளிடம் அந்தக் காலத்தைச் சொல்ல ஆரம்பித்தால், ஷியுலான் எந்த மொழியில் தொடங்கி எதில் முடிக்கிறாள் என்பது அவளுக்கே தெரிவதில்லை.