பொழுதோட வாங்க

காலை 7.40, காளப்பநாயக்கன்பட்டி. கொல்லிமலைப் பேருந்தில் தொற்றிக்கொள்ளும்போதே மனைவி சொல்லி அனுப்பியது காதில் கேட்டது: "சேலம் போனா சேலத்துக்கு மட்டும் போங்க." மறுநாள் பத்து மணிக்குச் சேலத்தில் மகளுக்குக் கல்லூரிச் சேர்க்கை. அவள் முன்னமே போய்த் தோழி வீட்டில் தங்கியிருந்தாள். அவளுடைய அசல் சான்றிதழ்கள் என் மஞ்சள் பையில். நடுவில் ஒரு நாள் சும்மா கிடந்தது. சும்மா இருக்கத் தெரிந்தவனாக இருந்தால் கும்பகோணத்திலேயே இருந்திருப்பேன்.

8.10, காரவள்ளி. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இங்கே ஆரம்பம். மூன்றாவது வளைவிலேயே பக்கத்துப் பெண்மணியின் காலை மிதித்துவிட்டேன். நாற்பத்தைந்து வயது இருக்கும். மன்னிப்புக் கேட்டேன்.

"போச்சாதுங்க," என்றார்.

அச்சகத்தில் பிழை திருத்துவது என் வேலை. புதுச் சொல் கேட்டால் விடமாட்டேன். அப்படியென்றால் என்ன என்றேன்.

"அதுக்கென்னங்க அர்த்தம். போவுது, உடுங்கங்கறதுதானுங்க."

'போச்சாது: பரவாயில்லை' என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அருவி பார்க்கப் போவதாகச் சொன்னேன். "ஆயிரம் படிக்கு மேல எறங்கி ஏறோணுமுங்க," என்று எச்சரித்தார். அவர் காலடியிலும் ஒரு மஞ்சள் பை இருந்தது. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

9.25, சோளக்காடு. நான் இறங்கினேன், பேருந்து அந்த அம்மாளோடு மேலே போய்விட்டது. சந்தையில் இருபது ரூபாய்க்குப் பலாச்சுளை வாங்கித் தின்றுகொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது.

"ஏனுங்க, பை மாறிப்போச்சுங்க. கவர் மேல உங்க நெம்பர் இருந்துச்சுங்க. இது எங்கண்ணன் போனு."

பாதிச் சுளையைக் கீழே வைத்தேன். "அம்மா, அதுல பொண்ணோட சர்டிபிகேட்டெல்லாம் இருக்கு. சோளக்காட்டுக்குப் பொழுதோட கொண்டு வந்துடுங்கம்மா."

"பொழுதோடயேங்களா?" கொஞ்சம் தயங்கியது குரல். "சரிங்க, பொழுதோட வந்தர்றனுங்க."

இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தால் கிடைக்கவில்லை. அந்தப் பக்கம் டவர் சரியில்லை என்றார் பலாச்சுளைக் கடை அம்மாள். எந்த ஊர் என்றுகூடக் கேட்காமல் விட்டிருந்தேன்.

பத்தரைக்கு ஒரு பேருந்து வந்தது. அவர் இல்லை. பதினொன்றே காலுக்கு ஒன்று. இல்லை. மிளகு மூட்டைகளுக்கும் அன்னாசிக் குவியலுக்கும் நடுவே குட்டி போட்ட பூனையாய்ச் சுற்றினேன். அருவியாவது ஒன்றாவது. ஊர், பேர் ஏதாவது தெரியுமா என்று அவர் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சின்னப் பட்டுப்பாவாடை, சட்டை. விலைச்சீட்டுகூடக் கிழிக்காத புதுத்துணி. வேறொன்றுமில்லை.

மதியம் 3.00. பொறுமை போய்விட்டது. "பொழுதோட வரேன்னு சொல்லிட்டு இவ்வளவு நேரமா ஆளைக் காணோம். என்ன மனுஷங்களோ," என்று கடை அம்மாளிடம் எரிந்து விழுந்தேன்.

அவர் சிரித்துவிட்டார். "பொழுதோடன்னா பொழுது எறங்கறப்பங்க. சாயந்தரம். இன்னும் நேரங் கெடக்குது, உக்காருங்க."

எங்கள் ஊரில் பொழுதோடு வா என்றால் தாமதிக்காமல் வேளையோடு வா என்று பொருள். இங்கே அது மாலை. போன உயிர் வந்தது. ஆனாலும், தெளிவாகச் சாயங்காலம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று அந்தப் பேருந்து அம்மாள்மேல்தான் கோபம் வந்தது.

5.40. வந்தார். "எல்லாம் இருக்குதுங்களா, பாத்துக்குங்க." எல்லாம் இருந்தது. நன்றி சொல்லிவிட்டு, வாய் சும்மா இராமல், "காலைலேயே வந்திருக்கலாமேம்மா," என்றேன்.

"கெளம்பத்தானுங்க இருந்தேன். நீங்கதான் பொழுதோட கொண்டாரச் சொன்னீங்க. அருவி பாத்துட்டுச் சாயந்தரந்தான் திரும்புவீங்கன்னு நெனச்சனுங்க. மறுக்காக் கூப்புட்டேன், லைன் கெடைக்கல." பையிலிருந்த பாவாடையை எடுத்து மடிப்பைத் தடவினார். "அண்ணன் புள்ளைக்குப் பதினோரு மணிக்குக் காது குத்துங்க. அத்தை எடுத்த துணியப் போட்டுத்தான் மாமன் மடில உக்கார வெக்கோணும்."

"அப்புறம்?"

"பழைய கவுனோடவே குத்திட்டாங்க. அண்ணி ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டா."

நாள் முழுக்க அந்தப் பாவாடை என் மடியில் இருந்தது. அவமானமாக இருந்தது. என்னென்னவோ சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பாவாடையைத் திரும்பவும் மடித்துப் பைக்குள் வைத்தார். அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"போச்சாதுங்க," என்றார்.

6.15க்கு இறங்கும் பேருந்து. மகள் அழைத்து, எப்போது வருவீர்கள் என்றாள். பொழுதோடு வந்துவிடுவேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஒன்பது மணி என்றேன். பிறகு குறிப்பேட்டைப் பிரித்து, காலையில் எழுதிய 'பரவாயில்லை'யை அடித்தேன். எழுபது வளைவும் இறங்கி முடிந்தது. அந்த இடத்தில் எழுத வேறு சொல் கிடைக்கவில்லை.