வளையத்தை ஏன் திருப்பினேன்

படம் எடுப்பவனுக்குப் போலரைசிங் ஃபில்டர் கட்டாயம் வேண்டுமா என்று யாராவது கேட்டால் எனக்குக் காது சூடாகிவிடும். லென்ஸின் முன்னால் மாட்டித் திருப்புகிற கண்ணாடி வளையம் அது. தண்ணீரின் பளபளப்பை எடுத்துவிடும். கல்யாண வீடுகளில் படமெடுத்துப் பிழைக்கிற நான், அதை வாங்கிய வாரம் எங்கள் ஊர் மதுரங்குளியில் ஒருவரையும் விடாமல் பீற்றித் திரிந்தேன்.

அந்த வாரம்தான் அடைமழை. பக்கத்து வீட்டு ராத்தா, மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர், வேலியருகே நின்று கூப்பிட்டார். மணல் முற்றத்தில் கணுக்கால் வரை தண்ணீர். வீட்டுக்குள்ளும் ஏறியிருந்தது. படத்தைக் காட்டினால்தான் வெள்ளம் பாதித்த வீடுகளின் பட்டியலில் கிராம அலுவலர் பெயரைப் போடுவாராம். பெயர் இருந்தால்தான் அத்திவாரத்தை உயர்த்த உதவி கிடைக்கும்.

"என்ட ஃபோன்லயே எடுக்கட்டா தம்பி?"

"சும்மா இருங்க ராத்தா. ஃபோன்ல எடுத்தா வெறும் வெளிச்சம்தான் அடிக்கும். நான் எடுத்துத் தாறன்."

வளையத்தைத் திருப்பினேன். பளபளப்பு மறைந்து, அடியில் கிடந்த சிப்பி, ஓட்டுத் துண்டு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. மாஷா அல்லாஹ், என்ன தெளிவு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

இரண்டு நாளில் மணல் தண்ணீரைக் குடித்துவிட்டது. மூன்றாம் நாள் ராத்தாவோடு நானும் போனேன். அலுவலர் படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தண்ணி எங்க? இது ஈர மண்தானே?"

"அல்லாஹ்வே! கணுக்கால் வரைக்கும் நின்டிச்சு சேர். தம்பியக் கேளுங்க, அவர்தான் எடுத்தது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். என் கண்ணாடி வளையம்தான் தண்ணீரை மறைத்தது, பிழை என்னுடையது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரிசையில் பின்னால் என்னைத் தெரிந்தவர்கள் நின்றார்கள். ஊரே சிரிக்குமே!

"தண்ணி வத்தின பிறகுதான் எடுத்தன் சேர்," என்றேன்.

அலுவலர் ராத்தாவை ஒரு பொய்க்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். ராத்தாவின் பெயர் இல்லாமலே பட்டியல் அன்றைக்கே மேலிடத்துக்குப் போய்விட்டது.

நான் ஏன் பொய் சொன்னேன் என்று வரும் வழியில் ராத்தா கேட்கவேயில்லை. அவசரத்தில் என் வாய் தடுமாறியதென்று நினைத்தார் போலும். "உங்கட நாளையும் வீணாக்கிட்டன் தம்பி, மனசில வைக்காதீங்க," என்றார். வெட்கங்கெட்டவன், பரவாயில்லை என்று தலையாட்டினேன்.

இந்த மாரியிலும் அவர் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது. விடிந்ததும் வேலியருகே நின்று கூப்பிட்டார்.

"தம்பி, அந்த நல்ல கெமராவக் கொண்டு வாங்க."