கணுக்காலுக்குப் போட்ட மார்க்

ஈரப் பாறையில் வழுக்கிக் கணுக்கால் எலும்பு முறிந்தபோது எனக்கு வலியைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. ஜவ்வாது மலையில் ஊர் ஊராக நடந்துபோய்த் தடுப்பூசி போடும் நர்ஸ் நான். கால் சரியாகாவிட்டால் கீழே ஏதாவது ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவார்கள். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து மாத்திரை கொடுக்கும் வேலை எனக்கு ஆகவே ஆகாது.

மாவுக்கட்டு பிரித்த பிறகு, மாதம் ஒரு முறை திருப்பத்தூரில் ஒரு பிசியோதெரபி அம்மாவிடம் போனேன். கணுக்காலைச் சுற்றி டேப் வைத்துப் பார்ப்பார். குதிகாலைத் தூக்கி நிற்கச் சொல்வார். பிறகு கேள்வி கேட்டு மார்க் போடுவார். நான் மலையில் இருப்பதா இறங்குவதா என்பது அந்த மார்க்கில்தான் இருந்தது.

"மேடு பள்ளத்துல நடந்தா கஷ்டமா இருக்கா சிஸ்டர்?"

"எங்க ஊர்ல வேற தரையே கிடையாது மேடம்."

அவர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

போக வர ஷேர் ஜீப்தான். கால் உடைந்ததிலிருந்து டிரைவர் எனக்கு முன் சீட்டை ஒதுக்கிவிட்டார். யார் உட்கார்ந்திருந்தாலும் எழுப்பிவிடுவார். கூச்சமாக இருக்கும், ஆனால் ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை.

கடைசியாகப் போன அன்று காலை, தலை வாரிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் கேட்டது. அதை விட்டால் வேறு வண்டி இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு, விழுந்தடித்துக்கொண்டு போய் ஏறினேன்.

"ஓட முடியுதா?" என்று கேட்டார் பிசியோதெரபி அம்மா.

"நடக்கிறதே பெரிய விஷயம் மேடம்."

"அப்போ மார்க் குறையுதே சிஸ்டர். சாயந்திரம் ரிப்போர்ட் அனுப்பணும்."

ஜீப்புக்கு வந்து முன் சீட்டில் உம்மென்று உட்கார்ந்தேன். புளிய மரத்திலிருந்து விழுந்து காலில் கட்டுப் போட்ட ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார்.

"நர்சம்மா, நீங்க பின்னால ஏறிக்குங்க" என்றார் டிரைவர்.

இருந்த எரிச்சலில், "எனக்கும் கால்தானேப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

"இன்னா நர்சம்மா, காலையில அந்த எறக்கத்துல எப்படி ஓடியாந்தீங்க! நான் கண்ணாடியில பாத்துக்கினுதானே இருந்தேன்."

ஓடியது எனக்கே தெரியவில்லை. சந்தோஷம் தாங்காமல் பின்னால் போய் மளிகை மூட்டைகளுக்கு நடுவில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே போன் போட்டேன்.

"மேடம், ரிப்போர்ட் அனுப்பிடாதீங்க. நான் ஓடியிருக்கேன். சாட்சி இருக்கு."

"யாரு?"

"ஜீப் டிரைவர். என் சீட்டையே புடுங்கிட்டாரு மேடம்!"

அந்த அம்மா சிரித்து அன்றுதான் கேட்டேன். அதிலிருந்து இன்றுவரை பின் சீட்டில்தான் மலையேறுகிறேன்.