பத்தடி தூரத்துக்கு ஒரு பைபாஸ்

நேற்று மாடியில் துணி எடுக்கப் போனபோது பிரியாணி வாசனை. மதிலுக்கு அந்தப் பக்கம் பஷீர் பாய் வீடு, பத்தடி தூரம். அங்கே போக எங்கள் நகர் வாசலைத் தாண்டி, திண்டிவனம் பைபாஸில் ஏறி, பாலத்தடியில் திரும்பி, அவர்களுடைய அவென்யூவுக்குள் நுழைய வேண்டும். துபாயில் கம்பெனி வேனிலேயே காலம் தள்ளிய பாய்க்கு வண்டி ஓட்டத் தெரியாது. "லாரிங்க நடுவுல நடக்க முடியல சார், வித்துட்டுக் கோட்டக்குப்பத்துக்கே போயிடுவேன்" என்று கொஞ்ச நாளாகவே சொல்லிக்கொண்டிருந்தார்.

இதே வாசனை முன்பு தூக்குச்சட்டியில் நடந்து வரும். நடுவில் மல்லாட்டைக் கொல்லை, அதில் ஓர் ஒற்றையடிப் பாதை. பாய் கைலியோடு வந்துவிடுவார். அறுவடையில் தப்பிய கடலைக் காய்களைப் பொறுக்கித் தின்றுகொண்டே இருவரும் நடப்போம். பிறகு கொல்லையும் மனையானது. நகர், அவென்யூ, கார்டன் என்று பெயர்கள் முளைத்தன. கார்டனில் செடி இல்லை என்பதை விடுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இப்போது வழி இல்லை.

முன்பு ஒருநாள் எங்கள் நகர் நலச் சங்கக் கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "அவென்யூ ஆளுங்க நம்ம ரோட்டுல பூந்து போய்க்கினு இருக்காங்க. ஒரே பேஜாரு. சொவரு எழுப்பிடலாங்க."

எல்லோரும் கை தூக்கினார்கள். நான் செயலாளர்; ஊர் வரலாறு எழுதுகிறவன் என்ற கர்வம் வேறு. அவென்யூவைப் பார்த்து ‘இது பொது வழி அல்ல’ என்று சுவரில் பதிக்கும் கல்வெட்டில் ஆங்கிலத் தேதியோடு தமிழ்த் தேதியும் வேண்டும் என்று அடம்பிடித்தேன். ஆனியை ஆடி என்று வெட்டிவிட்டார்கள். இரண்டு நாள் சண்டை போட்டு மாற்றினேன். அப்போது பாய் அந்தப் பக்கமிருந்து கேட்டார்: "இன்னா சார், சொவத்துல கேட்டு எங்க வைக்கிறீங்க?"

"மொதல்ல தேதி முடியட்டும் பாய்."

போன மாதம்தான் புத்தி வந்து, சுவரில் ஒரு வழி திறக்கத் தீர்மானம் கொண்டுவந்தேன். "உங்க கல்வெட்டு ஒடஞ்சிடுமே சார்" என்று உருகினார் தலைவர். தீர்மானம் தோற்றது.

நேற்று, துணியோடு நின்ற என்னைப் பார்த்து பாய் தன் மாடியிலிருந்து முருங்கைக்காய் பறிக்கும் துரட்டியை நீட்டினார். நுனியில் டிபன் கேரியர்.

"ஜல்தி புடிங்க சார். இதான் கடைசி. வீட்ட முடிச்சிட்டேன்."

"யாரு பாய் வாங்குனது?"

"மெட்ராஸ்காரரு. முட்டுச்சந்து, வெளி வண்டி வராதுன்னதும் உடனே சரின்னுட்டாரு. உங்க கல்வெட்டதான் சாட்சிக்குக் காட்டுனேன்."

சிரித்தார். நானும் சிரித்தேன். கேரியர் ஆடியது.

சாயங்காலம் பழைய டைரிகளைப் புரட்டினேன். சுவருக்குக் கடைக்கால் எடுத்த நாள், பூச்சு முடிந்த நாள், கல் பதித்த நாள் எல்லாம் இரண்டு காலண்டர்ப்படியும் சரியாக இருக்கின்றன. பாய் கடைசியாகக் கொல்லை வழியே நடந்து வந்த நாளை மட்டும் நான் எங்கேயும் குறிக்கவில்லை.