கருவாட்டு வாசனையில் மறைந்த கேஸ்

மலேசியாவில், டத்தோ கிராமாட்டில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்க முடியாது. சாமான் வைக்கத் தனி இடமும் கிடையாது. அதனால் கேஸ் தோம்பு, அதாவது சிலிண்டர், இருக்கும் கீழ் அலமாரியிலேயே அரிசி டின், வெங்காயம், கருவாடு, பெலாச்சான் என்கிற இறால் விழுது எல்லாவற்றையும் திணித்து வைத்திருந்தேன்.

எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் நான். ஆனாலும் போன மாதம் அந்த அலமாரியைத் திறக்கும்போதெல்லாம் வீச்சம் அடித்ததைக் கருவாடுதான் என்று விட்டுவிட்டேன்.

"உன் கருவாட்ட தூக்கிப் போடு லா, வீடே நாறுது," என்று கணவரும் கிண்டல் செய்தார்.

ஒரு நாள் மாலை, தேநீர் போட அடுப்பைத் திருகப் போனேன். கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டு ரோஸ் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்னம்மா, கேஸ் நாத்தம் அடிக்குது?"

"கருவாடுக்கா."

"கருவாடு எங்க வீட்டுலயும்தான் இருக்கு. அடுப்ப பத்த வைக்காத!"

நாற்றம் போகட்டுமே என்று கணவர் காற்றாடி சுவிட்சுக்குக் கை நீட்டினார். "தம்பி, சுவிட்ச தொடாதீங்க!" என்று அக்கா சத்தம் போட்டார். எப்படியோ தோம்பை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு, மூவரும் வெளியே ஓடினோம்.

வெகுநேரம் கழித்து அரிசி டின்னை இழுத்துப் பார்த்தோம். அதன் விளிம்பு அழுத்தி அழுத்தி, தோம்பிலிருந்து அடுப்புக்குப் போகும் ரப்பர் குழாயில் வெடிப்பு விட்டிருந்தது.

குழாயை மாற்றிவிட்டோம். அரிசி இப்போது கட்டிலுக்கு அடியில். கருவாடு இறுக்கி மூடிய டப்பாவில், ஐஸ்பெட்டிக்குள். தோம்புப் பக்கத்தில் ஒரு வெங்காயம்கூட வைப்பதில்லை. என்ன வீச்சம் அடித்தாலும் முதலில் தோம்பை மூடுகிறேன். அது எதனுடைய வாசனை என்று அப்புறம்தான் யோசிக்கிறேன்.