நாமா, நாங்களா?

எங்கள் தகுவரா கிராமத்தில் தியோலிந்தாவைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்லமாட்டார்கள். அத்தனை வாய். சந்தையில் அவள் எங்கள் குவாரானி மொழியில் திட்ட ஆரம்பித்தால் விற்க வந்த மாடுகூடத் தலையைத் திருப்பிக்கொள்ளும். அந்த வாயைத்தான் ஒரு காலத்தில் ஈரத்துண்டால் அடித்து மூடியிருந்தார்கள்.

அப்பா செத்ததும் அவளைப் பராகுவே தலைநகர் அசுன்சியோனில் ஒரு வக்கீல் வீட்டில் வேலைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். அப்போது அவள் சிறுமி. அந்தச் சமையற்கட்டில் சாக்கோ காட்டிலிருந்து வந்த நிவாக்லே பெண் ஒருத்தி, கெச்சுவா பேசும் பொலிவியத் தோட்டக்காரன், இவள். மூன்று மொழிக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எசமானிக்கு மூன்றும் ஒன்றுதான். “காட்டுக்குக் காடு ஒரு கத்தல். பராகுவே உருப்படாததுக்கே இதுதான் காரணம். என் வீட்டுல ஸ்பானிஷ் மட்டும்தான்” என்பாள்.

எங்கள் பேச்சில் கேட்பவனையும் சேர்த்துச் சொன்னால் ‘ஞாந்தே’, அதாவது நாம். அவனை வெளியே நிறுத்தினால் ‘ஓரே’, நாங்கள். ஸ்பானிஷில் இரண்டுக்கும் சேர்த்து ‘நோசோத்ரோஸ்’ என்று ஒற்றைச் சொல்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை எசமானி, “இப்போ நோசோத்ரோஸ் சாப்பிடலாம்” என்றாள். அரைகுறையாகப் புரிந்த குழந்தை அதை ‘நாம்’ என்று எடுத்துக்கொண்டு மேசையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஈரத்துண்டு கன்னத்தில் விழுந்தது. “அந்தச் சொல்லுல நீ கிடையாது.” எதிரே எசமானியின் மகன் குவல்பெர்த்தோ, குடித்த சூப்பு மூக்கில் ஏறும்வரை சிரித்தான்.

அந்தச் சிரிப்பைத் தியோலிந்தா மறக்கவில்லை. ஏன் மறக்கவேண்டும்?

போன வருஷம் அதே குவல்பெர்த்தோ வக்கீல் கோட்டோடு எங்கள் ஊருக்கு வந்தான். சோயா கம்பெனிக்கு எங்கள் பொது மேய்ச்சல் நிலம் வேண்டுமாம். அது போனால் மாடு போச்சு, மாடு போனால் ஊரே போச்சு. ஆனால் கூட்டத்தில் பெரும்பாலோர் கை தூக்கிவிட்டால் நிலம் அவர்களுக்கு. அவன் செலவில் இறைச்சி சுட்டு விருந்து என்றதும் பாதிப் பேர் தூக்கத் தயாராகவே வந்திருந்தார்கள், வெட்கங்கெட்டவர்கள். குவாரானி அவனுக்குத் தெரியாது. தெரியாததில் பெருமை வேறு. மொழிபெயர்க்க ஆள் கேட்டான். ஊரில் சுத்தமான ஸ்பானிஷ் தியோலிந்தாவுக்குத்தான் வரும், அவன் அம்மா அடித்து ஏற்றியது. அவளை அவனுக்கு அடையாளமே தெரியவில்லை. வேலைக்காரி முகத்தை யார் பார்த்தார்கள்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஏன்க்கா, இவனுக்குப் போய் உன் வாயைக் கடன் குடுக்கிறே?” என்றேன்.

“சும்மா கெட. அவன் சொல்றதை அப்படியே சொல்லப்போறேன்.”

மாமரத்தடியில் அவன் கையை விரித்துப் பேசினான். வாய்க்கு வாய் நோசோத்ரோஸ். அவள் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், ஒவ்வொன்றையும் ‘ஓரே’ போட்டுக் குவாரானியில் சொன்னாள்.

“நாங்க இங்க சோயா போடுவோம். நாங்க நல்லா அறுப்போம். எங்க பிள்ளைங்க தலைநகர்ல படிக்கும்.”

கூட்டம் முனகியது. எல்லாரும் ஆர்வமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவன் குரலை உயர்த்தினான். விளைச்சல் பொய்த்தாலும் பயமில்லை, நோசோத்ரோஸ் தாங்கிக்கொள்வோம் என்றான்.

“நஷ்டம் வந்தா நாம தாங்கிக்கலாம்” என்றாள் தியோலிந்தா. அந்த ஒரு இடத்தில் மட்டும் ஞாந்தே.

முதலில் சிரித்தவர்கள் பின்வரிசைப் பெண்கள். “அடேங்கப்பா, நஷ்டத்துக்கு மட்டும் நாம சொந்தக்காரங்களா?” என்றாள் ஒருத்தி. கை தூக்கச் சொன்னபோது அவனுடைய டிரைவர் மட்டும் தூக்கினான். அவனுக்கு ஓட்டுக் கிடையாது. எனக்கு வயிறு குளிர்ந்தது.

குவல்பெர்த்தோ முகம் சிவந்து அவளிடம் வந்தான். “என்ன சொல்லித் தொலைச்சே? நான் எல்லாரையும் சேர்த்து நோசோத்ரோஸ்னுதானே சொன்னேன்?”

“உங்க வீட்டுல அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமோ, அதைத்தாங்கய்யா சொன்னேன்.”

அவனுக்குப் புரியவில்லை. அவள் விருந்து மேசையின் தலைப்பக்கத்தில் அவனுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். சுட்ட இறைச்சியும் அவித்த மரவள்ளியும் வந்தன. ஊரே சுற்றி உட்கார்ந்தது. அவனும் ஒரு நாற்காலியை இழுத்தான். தியோலிந்தா அவனை நிமிர்ந்து பார்த்து, ஸ்பானிஷில், அவன் அம்மாவின் அதே குரலில் சொன்னாள்: “இப்போ நோசோத்ரோஸ் சாப்பிடலாம்.”

அவன் கை நாற்காலியை விட்டது. உட்காரவில்லை.